குழாயில் காது வைக்கிறவர்

என் கணவர் பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுது பார்க்கிறவர். அங்கே எந்த மெஷின் நின்றாலும் இவரைத்தான் கூப்பிடுவார்கள். இவரே எதிலாவது மாட்டிக்கொண்டு நின்றுவிட்டால் கூப்பிட யாரும் கிடையாது, நான்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

ஜீவனஹள்ளியில் எங்கள் வீட்டு கேட்டை ஒட்டித் தரைக்கடியில் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. பெங்களூரில் அதை சம்ப்பு என்போம். வாரத்தில் இரண்டு மூன்று நாள் காவிரித் தண்ணீர் வரும். எந்த நாள், எத்தனை மணி என்பது அதைத் திறந்து விடுகிறவருக்கே தெரியுமா என்று எனக்குச் சந்தேகம். தொட்டி நிறைந்ததும் வால்வை மூட வேண்டும். மற்ற வீடுகளில் அந்த வேலையை ஒரு மிதவை பார்த்துக்கொள்கிறது. எங்கள் மிதவையை இவர் கழற்றிப் பரண் மேல் வைத்துவிட்டார். அது இருந்தால் ஏற்கெனவே மெலிந்து வருகிற தண்ணீர் இன்னும் மெலிந்துவிடுமாம்.

அதனால் தினமும் காலையில், கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பும் முன், லுங்கியோடு குந்தி உட்கார்ந்து குழாயில் காது வைப்பார். தண்ணீர் வருவதற்கு முன்னால் உள்ளே காற்று சீறுமாம். கண்ணை மூடி, மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்பார். எந்த டாக்டரும் என்னை அவ்வளவு அக்கறையாகப் பார்த்ததில்லை.

இதன் பலன், இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து நாங்கள் இருவரும் சேர்ந்து வெளியூரில் ஒரு இரவு தங்கியதில்லை. சொந்தத்தில் என்ன விசேஷம் என்றாலும் நான் மட்டும் பையைத் தூக்கிக்கொண்டு போவேன். வீட்டுக்காரர் எங்கே என்று கேட்டால் டியூட்டி என்பேன். போன வருடம் ஒரு சித்தி என்னை ஓரமாக இழுத்துப் போய், “உனக்கும் அவருக்கும் ஏதாச்சும் மனஸ்தாபமாடி?” என்று கேட்டாள். ஒரு குழாயிடம் தோற்றுவிட்டேன் என்று சொல்ல முடியுமா? சிரித்துச் சமாளித்தேன். திரும்பி வரும்போது ரயிலில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன்.

இந்த வருடம் ஆம்பூரில் என் தங்கை மகளுக்கு நிச்சயம் வைத்தார்கள். நான் தீர்மானமாகச் சொல்லிவிட்டேன். “நீங்க வராம நான் அந்த மண்டபத்துல கால் வைக்க மாட்டேன். ரெண்டு பேரும் போறோம், இல்ல ரெண்டு பேரும் இங்கயே உக்காந்து குழாயப் பாக்கறோம்.”

இவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, “ஒரு கேமரா போட்டுடலாம்” என்றார். நான் பேசியது எதைப் பற்றி, இவர் கேட்டது எதைப் பற்றி!

திட்டம் இதுதான். வால்வைத் திறந்தே வைத்துவிட்டுப் போவது. தொட்டி மூடியைத் திறந்து வைத்து, உள்ளே ஒரு சிவப்புக் கோடு. மேலே சுவரில், கேட்டும் குழாயும் சேர்ந்து தெரிகிற மாதிரி கேமரா. தண்ணீர் கோட்டைத் தொடுவதைக் கேமரா வழியாக ஆம்பூரிலிருந்து போனில் பார்ப்பது. பார்த்ததும் பக்கத்து ஹாஸ்டல் வாட்ச்மேனுக்குச் சொல்ல, அவர் ஓடி வந்து மூடுவார். கூப்பிட்டால் வந்து மூடுகிறேன், ஆனால் தொட்டியையே பார்த்துக்கொண்டு உட்கார முடியாது என்று வாட்ச்மேன் கறாராகச் சொல்லியிருந்தார். எங்கள் இருவரையும் விட விவரமான மனிதர்.

கம்பெனியில் வேண்டாம் என்று ஒதுக்கிய பழைய கேமரா ஒன்று வந்து சேர்ந்தது. கடையில் இப்போது விற்கிற கேமரா என்றால் ஆப் போட்டுப் பார்த்துவிடலாம். சொன்னேன். “நம்ம சம்ப்ப எதுக்கு ஏதோ தேசத்துக் கம்பெனிக்குக் காட்டணும்?” என்றார். எங்கள் சம்ப்பில் என்ன ராஜ ரகசியம் இருக்கிறது என்று நான் கேட்கவில்லை.

அப்படியானால் போர்ட் ஃபார்வர்டிங் செய்ய வேண்டுமாம். எனக்கு விளக்கினார். ரூட்டர் என்பது கம்பெனி கேட்டில் நிற்கிற செக்யூரிட்டி. வெளியிலிருந்து யார் வந்தாலும் விடமாட்டார். இந்த நம்பரைச் சொல்லிக்கொண்டு ஒருவர் வந்தால் மட்டும் நேராகக் கேமராவிடம் அனுப்பு என்று அவருடைய நோட்டில் எழுதி வைக்க வேண்டும். இருபது வருடமாகப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிற நான் சொல்கிறேன், நன்றாகத்தான் விளக்கினார்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அந்த நோட்டுக்குப் போயிற்று. ரூட்டரின் அடியில் ஒட்டியிருந்த பாஸ்வேர்டை டிவி ஸ்டாண்டுக்குக் கீழே படுத்து டார்ச் அடித்து நான் படிக்க, இவர் தட்டினார். பக்கம் திறந்தது. ஏதேதோ கட்டங்கள். ஒன்றில் கேமராவின் எண், ஒன்றில் எங்கள் வீட்டு எண்ணையே திருப்பிப் போட்டு ஒரு ரகசிய நம்பர். சாயங்காலம் போனில் எங்கள் தொட்டி தெரிந்தது. இவர் ஹாலை மூன்று சுற்று சுற்றினார். நான் கேசரி கிளறினேன்.

மறுநாள் பொம்மசந்திரா போனதும் கூப்பிட்டார். “ஒண்ணும் தெரியல. நீ ரூட்டர ஆஃப் பண்ணிட்டியா?”

நான் எதையும் தொடவில்லை. முந்தைய நாள் வீட்டு வைஃபையிலேயே உட்கார்ந்துகொண்டு பார்த்திருக்கிறார். செக்யூரிட்டியை ஏமாற்றிவிட்டதாக நினைத்து, கேட்டுக்கு உள்ளேயே நடந்துகொண்டிருந்திருக்கிறார். கேசரியைத் திருப்பிக் கேட்கலாம் என்று தோன்றியது.

நான்கு நாள் போராடிப் பார்த்துவிட்டு, இன்டர்நெட் கொடுத்த கேபிள்காரரை வரவழைத்தார். அவர் ரூட்டரைத் தொடக்கூட இல்லை. “ஆகல்ல சார். முடியாது. இந்த ரோடுல எல்லா வூட்டுக்கும் சேத்து வெளிய ஒரே அட்ரஸ்தான். நீங்க உள்ள என்ன எழுதுனாலும் வெளிலேர்ந்து வர்றவனுக்கு உங்க வூடு எதுன்னே தெரியாது. தனி அட்ரஸ் ஒண்ணே ஒண்ணுதான் இருந்துச்சு, அத எதிர் வூட்டுக்காரர் எடுத்துட்டாரு, கடையிலேர்ந்து வீட்ட பாக்க. கேமராவ அவர் வைஃபைல சேத்துட்டு, அவர் ரூட்டர்ல எழுதிக்கோங்க.”

இவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. எதிர் வீட்டுக்காரர் ஆட்டோ ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருப்பவர். ஒன்றரை வருடமாக இருவருக்கும் பேச்சு இல்லை. நாங்கள் ஒருநாள் வால்வைத் திறந்து வைத்துவிட்டுப் பிரேசர் டவுனுக்கு ஒரு வரவேற்புக்குப் போனோம். தொட்டி வழிந்து, ரோட்டைத் தாண்டி, அவர் அன்று காலைதான் வாசலில் போட்ட சிமெண்ட் தரையைக் கரைத்துக்கொண்டு போய்விட்டது. அவர் வந்து கேட்டபோது மன்னிப்புக் கேட்டிருந்தால் முடிந்திருக்கும். இவர், “சிமெண்ட்டுக்குத் தண்ணி நல்லதுதானே சார்?” என்றார். தமாஷ் பண்ணினாராம்.

“அந்த ஆள்கிட்ட நான் போக மாட்டேன்” என்றார் இவர். “அப்ப நிச்சயத்துக்கு ரெண்டு பேரும் போகல. தங்கச்சிக்குப் போன் போடறேன்” என்று நான் போனை எடுத்தேன். சட்டையை மாட்டிக்கொண்டு என் பின்னாலேயே வந்தார்.

எதிர் வீட்டுக்காரர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, என்னிடம் மட்டும், “எனக்கு இதெல்லாம் தெரியாது டீச்சர். சாரே எழுதிக்கட்டும்” என்று லேப்டாப்பைத் தள்ளினார். இவர் அந்தப் பக்கத்தைத் திறந்தார். நோட்டில் ஏற்கெனவே அவருடைய கேமராவுக்கு ஒரு வரி இருந்தது. அது சரியாக வேலை செய்கிறதா என்று தெரிந்துகொள்ள இவர் அந்தப் படத்தைத் திறந்தார்.

எங்கள் கேட். நட்டநடுவில் எங்கள் சம்ப்பு.

எதிர் வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார். “சிமெண்ட் போன அன்னிக்கு வச்சது. மறுபடி வழிஞ்சா சாட்சி வேணும்ல?” பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. “தெனம் காலைல சார் குழாய்ல காது வைக்கறத பாத்துட்டுத்தான் டீச்சர் நான் டீயே குடிக்கறது. கடைப் பசங்கள்லாம் கேப்பானுங்க, ‘அண்ணா, இன்னிக்கு அவரு வச்சிட்டாரா?’”

இவருக்குக் காது இரண்டும் சிவந்துவிட்டன. அந்தக் கேமராவே போதும், நம்முடையது வேண்டாம் என்று எழுந்திருக்க வேண்டியதுதானே? மாட்டார். தலையைக் குனிந்துகொண்டு, இருந்த வரிக்குக் கீழே தன் வரியை எழுதி முடித்துவிட்டுத்தான் எழுந்தார். வால்வைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவரும் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லவில்லை. இந்த ஆண்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது? மறுநாள் காலை இவர் ஒரு குடையை விரித்து அதன் மறைவில் குழாயில் காது வைத்தார். மழை இல்லை.

ஆம்பூருக்கு இருவரும் சேர்ந்தே போனோம். சித்தி இவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, என் தோளைத் தட்டினாள். இவரோ முந்தைய நாள் சாயங்காலத்திலிருந்து போனை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

தட்டு மாற்றி முடிந்து, போட்டோவுக்குக் கூப்பிட்டார்கள். அப்போது பார்த்துத் தண்ணீர் வந்தது. போனில் பார்த்தேன். கோட்டைத் தொட்டது, தாண்டியது. இவர் வாட்ச்மேனைக் கூப்பிட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டார். எடுக்கவில்லை. “நான் கெளம்பறேன்” என்று எழுந்தார். பெங்களூர் போய்ச் சேர மூன்று மணி நேரம் ஆகும். நான் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டேன். “போனீங்கன்னா ஒரேடியா அந்தக் குழாய்கிட்டயே இருந்துக்குங்க” என்றேன். என் குரல் உடைந்ததை நானே கேட்டேன். மேடையிலிருந்து தங்கை, வாங்க, வாங்க என்று கை காட்டிக்கொண்டிருந்தாள். இவர் என்னையும் போனையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என்னோடு மேடை ஏறினார்.

போட்டோக்காரர் எங்களை நெருக்கி நிற்க வைத்துக்கொண்டிருந்தபோது, இவர் கையிலிருந்த போனில் எங்கள் கேட் திறந்தது. பனியனும் லுங்கியுமாக எதிர் வீட்டுக்காரர். அவசரமே இல்லாமல் வந்தார். வால்வைத் திருகி மூடினார். கேமராவை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு அப்படியே குந்தி உட்கார்ந்து, கண்ணை மூடி, குழாயில் காது வைத்தார். நிறுத்தி நிதானமாக வைத்தார்.

இவர் வாய்விட்டுச் சிரித்தார். மண்டபமே திரும்பிப் பார்க்கும்படி, குலுங்கிக் குலுங்கி, என் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். போட்டோவில் அப்படித்தான் விழுந்திருக்கிறார்.

“மாமா எதுக்குக்கா இப்படிச் சிரிக்கறாரு?” என்றாள் தங்கை.

“எங்க வீட்ல தண்ணி வந்துருச்சாம்” என்றேன்.