சுரைக்குடுக்கை பார்த்த ஆமை

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: நான் ஒரு மடையன். சாதாரண மடையன் என்றால் பரவாயில்லை, கூட்டத்தோடு கூட்டமாகக் கலந்துவிடலாம். நான், ஒரு சுரைக்குடுக்கைக்குத் தெரிந்த வித்தையை எனக்குத் தெரிந்ததாகச் சொல்லி உத்தியோகம் வாங்கிய மடையன்.

சின்ன வயதில் கோடை விடுமுறைக்கு ஸ்ரீரங்கப்பட்டணத்துக் காவிரியில் குளிக்கப் போவோம். நீச்சல் பழக எல்லாருடைய முதுகிலும் காய்ந்த சுரைக்குடுக்கை ஒன்றைக் கட்டி இறக்கிவிடுவார்கள். மற்றவர்கள் நாலு நாளில் அதை அவிழ்த்துக் கரையில் எறிந்தார்கள். நான் ஐந்து கோடை கழிந்தும் அவிழ்க்கவில்லை. கையை அடித்தேன், காலை உதைத்தேன், முன்னால் போனேன், முங்கவில்லை. இதற்கு மேல் நீச்சல் என்று ஒன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

பிற்பாடு மைசூரில் ஒரு கான்ட்ராக்டரிடம் குமாஸ்தா வேலைக்குப் போனபோது, டைப் தெரியுமா, கன்னடம் எழுதுவாயா என்றெல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில், நீச்சல் தெரியுமா என்றார். எனக்கு முன்னால் இருந்த குமாஸ்தா சாமராஜநகர் பக்கத்து வாய்க்கால் வேலையை அளக்கப் போய்த் தண்ணீரில் வழுக்கி, தலைமயிரைப் பிடித்து இழுக்கப்பட்டுக் கரையேறியவராம். "நல்லாத் தெரியும் சார்" என்றேன். 'தெரியும்' என்பதோடு நிறுத்தியிருக்கலாம். அந்த 'நல்லா'வுக்கு இன்றுவரை என்னிடம் சமாதானம் கிடையாது.

வேலை கிடைத்தது. ஒரு வருஷம் பார்த்துவிட்டு நிரந்தரம் செய்வதாகச் சொன்னார். பத்து மாதம் ஒரு சொட்டுத் தண்ணீர் குறுக்கே வரவில்லை. பதினோராவது மாதம் கடலே வந்தது.

வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்த காலம் அது. காப்பித் தோட்டத்துத் துரை ஒருவர் சீமைக்குத் திரும்புகிறார், சாமான்களை விற்கிறார் என்று கேள்விப்பட்டு, கான்ட்ராக்டர் ஒரு கிராமபோன் வாங்கப் போனார். கிராமபோனோடு ஒரு மோட்டார் லாஞ்சையும் வாங்கிக்கொண்டு வந்தார். லாஞ்சு இங்கே வரவில்லை. அது மங்களூருக்கு வடக்கே ஒரு சின்னத் துறைமுகத்தில் நின்றது. இங்கே வந்தது அதோடு சேர்ந்த ஒரு மரப்பெட்டிதான். அதற்குள் கண்ணாடி பதித்த ரப்பர் முகமூடிகள் இரண்டு, வாயில் கவ்விக்கொள்ளும் மூச்சுக்குழாய்கள் இரண்டு. அவற்றை மாட்டிக்கொண்டு கடலில் முகத்தைப் புதைத்தால் கீழே ஆமைகள் மேய்வதைப் பார்க்கலாம் என்று துரை சொல்லியிருந்தார். பார்க்காவிட்டால், நீ வாங்கியது படகு இல்லை, வெறும் பலகை என்றும் சொல்லியிருந்தார்.

அது கான்ட்ராக்டர் மனத்தில் தைத்துவிட்டது. போதாததற்குக் கிளப்பில் சீட்டாடுகிறவர்கள், லாஞ்சைக் குக்கரஹள்ளி ஏரியில் விடப்போகிறீர்களா, வாத்துக்கு வழி விடுமா என்று தினமும் விசாரித்தார்கள். ஒரு நாள் அக்ரஹாரத்து ஆபீஸில் மேஜை முன்னால் முகமூடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் கையெழுத்துக்குக் காகிதம் நீட்டினேன். முகமூடிக்குள்ளிருந்தே கையெழுத்துப் போட்டுவிட்டுக் கழற்றினார்.

"தை மாசம் கடல் சாந்தமா இருக்குமாம். போறோம். எனக்கு நீச்சல் பேடா, வேண்டாம், பயம். நீ பக்கத்துல இருக்கேன்னா இறங்குவேன். ஹௌதா, சரிதானே?"

தலையை ஆட்டினேன். ஆட்டியது நான் இல்லை, பதினோராவது மாதம்.

பழகிக்கொள்ளச் சொல்லி ஒரு முகமூடியை என்னிடமே கொடுத்தனுப்பினார். மறுநாள் காலை வெந்நீர் போடும் அண்டாவில் தண்ணீரை நிரப்பி, குழாயைக் கவ்விக்கொண்டு தலையை உள்ளே விட்டேன். மூச்சு வந்தது. தைரியம் கொஞ்சம் மிஞ்சி இன்னும் கீழே போனேன். குழாய்க்குள் தண்ணீர் புகுந்தது. இருமிக்கொண்டு நிமிர்ந்தால், வாசலில் என் மனைவி. அவள் மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ராத்திரி டியூட்டி முடிந்து வெள்ளைப் புடவையோடு நின்றிருந்தாள். ரப்பர் மூஞ்சியோடு புருஷன் அண்டாவிலிருந்து எழுந்தால் வேறொருத்தி அலறியிருப்பாள். நர்ஸுகள் அலறுவதில்லை.

"ஏனுங்க, ரசத்துல உப்புப் பாக்கறீங்களா?" என்றாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். அவளிடம் மறைக்க ஒன்றுமில்லை. கோபிநத்தம் பக்கத்துக் காவிரிக்கரையில் பிறந்தவள். அக்கரைக்கு மேயப்போன எருமையை நீந்திப் போய் ஓட்டிவந்தவள். கல்யாணமான புதிதில் அவள் ஊருக்குப் போனபோது நான் ஆற்றில் ஒரு காலை மட்டும் நனைத்துவிட்டு, தண்ணீர் ஜில்லென்று இருக்கிறது என்று திரும்பியதைப் பார்த்தவள்.

உள்ளதைச் சொல்லிவிடச் சொன்னாள். சொன்னால் நிரந்தரம் போய்விடும் என்றேன்.

"வேலை போச்சுன்னா நான் சம்பாதிக்கறனுங்க. அவரு முங்கிப் போயிட்டா அவரு சம்சாரத்துக்கு யாருங்க திருப்பிக் குடுக்கறது?"

சொல்லிவிடுவது என்று முடிவு செய்து, வேதத்தின்மேல் கைவைக்காத குறையாக வாக்குக் கொடுத்துவிட்டு, மறுநாள் கான்ட்ராக்டர் வீட்டுக்குப் போனேன். கூடத்தில் அவர் ஊஞ்சலில் இருந்தார். அவர் மனைவி எதிரே நின்று, கடலும் வேண்டாம் ஆமையும் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அந்த அம்மாள் பேச்சை நிறுத்தினார். உள்ளே போய் ஒரு டம்ளர் காப்பி கொண்டுவந்து கையில் கொடுத்தார். எனக்கு அதுவரை அந்த வீட்டில் காப்பி கொடுத்ததில்லை.

"இவருக்குத் தண்ணின்னா கண்டம்னு ஜோசியர் சொல்லியிருக்காரு. உங்களை நம்பித்தான் தம்பி அனுப்பறேன்."

இப்போது சொல்ல வேண்டும். வாயைத் திறந்தேன். "பயப்படாதீங்கம்மா" என்று வந்தது. என் நாக்கு என்னிடம் வாடகைக்கு இருக்கிறது. வீட்டுக்காரன் சொல்லை அது கேட்பதில்லை.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது மனைவி திட்டவில்லை. அடுப்படிக்கு மேலே உத்தரத்தில் தொங்கிய பெரிய சுரைக்குடுக்கையை இறக்கினாள். அவள் ஊரிலிருந்து வந்தது. அவரை விதை போட்டு வைத்திருந்தாள். விதையை முறத்தில் கொட்டினாள். வாயில் மரக்கட்டை ஒன்றைத் திணித்து, சர்ச் மெழுகுவத்தியை உருக்கிச் சுற்றிலும் ஊற்றி அடைத்தாள். அண்டாவில் அழுத்திப் பார்த்தாள். அது துள்ளிக்கொண்டு மேலே வந்தது. அந்த வீட்டில் நீந்தத் தெரிந்தவர்கள் இரண்டு பேர் என்று அப்போது தெரிந்தது. அதை என் படுக்கைக்குள் வைத்துச் சுருட்டிக் கட்டினாள்.

காரில் மடிகேரி வழியாக மலை இறங்கிக் கடற்கரைக்குப் போனோம். வழியெல்லாம் பாலமில்லாத ஆறுகள். காரையே படகில் ஏற்றிக் கடத்தினார்கள். ஒவ்வொரு ஆற்றிலும் கான்ட்ராக்டர் காருக்குள் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்து, நீ இருக்கே, எனக்கென்ன என்றார். மூன்றாவது ஆற்றில் சொல்லிவிடலாம் என்று அவர் பக்கம் திரும்பினேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அதன் ஈரம் அவருடையதா என்னுடையதா என்று தெரியவில்லை.

லாஞ்சு ஒரு மிதக்கும் அரண்மனை. வெள்ளைப் பெயின்ட், பித்தளைக் கைப்பிடிகள், வெல்வெட் மெத்தை போட்ட அறை, ஐஸ் பெட்டி, முகம் பார்க்கும் கண்ணாடி. மேஜைக்கு விரிப்பு விரித்து ஆம்லெட்டும் ஆரஞ்சு ரசமும் வைத்தார்கள். எனக்கு வேண்டியது ஒன்றுதான். அது சுவரில் தொங்கியது. ஆபத்துக்குப் பிடித்துக்கொள்ளும் வெள்ளை வளையம். யாரும் பார்க்காதபோது போய் ஆசையாக அழுத்தினேன். விரல் உள்ளே போனது. தக்கை முழுக்க உளுத்து, மாவாகக் கொட்டியது. படகோட்டும் சாரங்கு பார்த்துவிட்டு, அது அழகுக்கு மாட்டியது, தொடாதே என்று கன்னடத்தில் சொன்னான்.

இரண்டு மணி நேரம் போய் ஒரு பாறைத் தீவுக்குப் பக்கத்தில் நங்கூரம் போட்டோம். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. அடியில் பாறைகள் தெரிந்தன. ஆழம் எவ்வளவு என்று கேட்டேன். ஐந்து ஆள் என்றான் சாரங்கு. ஆள் என்றால் யார் உயரம் என்று கேட்டேன். அவன் கண்ணாலேயே என் உயரத்தை அளந்தான்.

கான்ட்ராக்டர் அரைக்கால் சட்டையில் வந்தார். மைசூரில் சரிகைத் தலைப்பாகையோடு பார்த்த மனிதர். தொந்தி நடுங்கிக்கொண்டிருந்தது. என்னை முதலில் இறங்கச் சொன்னார். முகமூடியின் கண்ணாடியைத் துடைக்க வேண்டும் என்றேன். துடைத்தேன். வார் தளர்ந்திருக்கிறது என்றேன். இறுக்கினேன். காற்று எந்தப் பக்கம் என்று விரலை நனைத்துப் பார்த்தேன். அப்படிச் செய்வார்கள் என்று எங்கோ கேட்ட ஞாபகம். அவருக்குப் பொறுமை போய்விட்டது. ஏணியைப் பிடித்துக்கொண்டு தானே இறங்க ஆரம்பித்தார். முழங்கால், தொடை, இடுப்பு. அங்கே நின்று என்னை அண்ணாந்து பார்த்தார்.

"நீ இருக்கேன்னுதான் இறங்கறேன்ப்பா. கையை விட்டுடப்போறேன்."

கூடத்தில் காப்பி டம்ளரோடு நின்ற அந்த அம்மாள் என் கண்முன் வந்தார். அடுத்த படிக்குக் கான்ட்ராக்டர் காலைத் தூக்கியபோது, வாடகை நாக்கு முதல் தடவையாக எனக்கு வேலை செய்தது.

"சார், விடாதீங்க. எனக்கு நீச்சல் தெரியாது."

அலை ஒன்று வந்து அவர் தொந்தியில் தட்டிவிட்டுப் போனது. முகமூடிக்குள் இரண்டு கண்களும் என்னையே பார்த்தன.

"எத்தனை நாளா?" என்றார்.

"பொறந்ததிலேர்ந்து சார்."

அவர் மேலே ஏறவும் இல்லை, கீழே போகவும் இல்லை. ஏணியைப் பிடித்த விரல்கள் மட்டும் வெளுத்தன. நான் ஓடிப்போய்ப் படுக்கையை அவிழ்த்துக் குடுக்கையைக் கொண்டுவந்து, இதற்குத் தெரியும் சார் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்டால் தெரியாது. மடையனுக்குக் கையில் இருப்பதைக் காட்டத்தான் தெரியும். சாரங்கு என்னைப் பார்த்தான், குடுக்கையைப் பார்த்தான், அதை வாங்கி முழங்கையால் அழுத்திப் பார்த்தான். பிறகு எங்கள் இருவரையும் திட்ட ஆரம்பித்தான். குப்புற மிதக்கிற வேலைக்கு நீச்சல் எதற்கு, கீழே போகச் சொன்னது யார், முகத்தை நனைத்துக்கொண்டு பிணம் மாதிரி கிடந்தால் போதாதா என்றான். திட்டிக்கொண்டே எங்கள் இடுப்பில் ஆளுக்கொரு கயிற்றைக் கட்டி, முனையைத் தன் கையில் சுற்றிக்கொண்டான். குடுக்கையை நடுவில் மிதக்கவிட்டான்.

கான்ட்ராக்டர் என்னையும் குடுக்கையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு குடுக்கையைப் பிடித்துக்கொண்டார். ஒரு பக்கம் அவர், மறுபக்கம் நான்.

முகத்தைத் தண்ணீரில் வைத்ததும் முதலில் கேட்டது என் மூச்சு. அது யாரோ ரம்பம் இழுப்பது போலிருந்தது. எங்கும் தண்ணீர் பச்சையாகத் தெரிந்தது. பிறகு பாறை தெரிந்தது. அந்தப் பாறைகளில் ஒன்று நகர்ந்தது. முறம் அளவுக்கு ஓடு, துடுப்பு மாதிரி கைகள். பாசியைக் கடித்து இழுத்துக்கொண்டிருந்தது. எங்களை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தது, ஃபைலிலிருந்து தலையைத் தூக்கும் தலைமைக் குமாஸ்தா மாதிரி. இவர்கள் காரியம் நமக்கு வேண்டாம் என்று மறுபடி குனிந்துகொண்டது.

பக்கத்தில் மாடு கத்துவது போல ஒரு சத்தம். கான்ட்ராக்டர் குழாய் வழியாகப் பேசிக்கொண்டிருந்தார். அவருக்கு மூச்சு முட்டுகிறது என்று நினைத்து எனக்கு உயிர் போயிற்று. முட்டவில்லை, அவர் விரலால் சுட்டிக்கொண்டிருந்தார். ஆமை மேலே வந்தது. நேராக எங்களை நோக்கி வந்தது. அவர் என் மணிக்கட்டைப் பிடித்த பிடியின் தடம் நாலு நாள் இருந்தது. ஒரு முழத்துக்கு அப்பால் அது தலையை வெளியே நீட்டி, வேலைநாள் முடிந்தவன் போல் ஒரு பெருமூச்சு விட்டது. பிறகு திரும்பிக் கீழே போய்விட்டது.

படகேறிய பிறகு அவர் என்னோடு பேசவில்லை. துண்டைப் போர்த்திக்கொண்டு வெல்வெட் மெத்தையில் உட்கார்ந்திருந்தார். ஆறுகளில் காரோடு படகேறியபோதும் பேசவில்லை. இந்தத் தடவை கண்ணை மூடவும் இல்லை, என் கையைப் பிடிக்கவும் இல்லை. மடிகேரியில் காப்பி வாங்கித் தந்தார், டம்ளரைப் பார்த்தபடியே. அதை நல்ல சகுனமாகவும் கெட்ட சகுனமாகவும் மைசூர் வரைக்கும் மாற்றி மாற்றி எடுத்துக்கொண்டேன். மனைவியிடம் எந்த முகத்தோடு சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். அவள் சம்பாத்தியத்தில் சாப்பிடும்போது ரசத்துக்கு உப்புப் பார்க்கும் உரிமை எனக்கு உண்டா என்றும் யோசித்தேன்.

வீட்டு வாசலில் அந்த அம்மாள் நின்றிருந்தார். புருஷனைத் தலை முதல் கால் வரை பார்த்தார். என் பக்கம் திரும்பி, நல்லா இருப்பீங்க தம்பி என்றார். நான் தரையைப் பார்த்தேன். இப்போது கான்ட்ராக்டர் உண்மையைச் சொல்லிவிடுவார் என்று காத்திருந்தேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டுப் படியேறினார்.

படுக்கையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கீழேயே நின்றேன். அவர் கதவுக்குள் மறைவதற்கு முன்னால் கேட்டுவிட்டேன்.

"சார், நாளைக்கு நான் ஆபீஸுக்கு வரலாமா?"

அவர் திரும்பவில்லை.

"குடுக்கையோட வா."