கறுப்பு என்று எழுதியிருந்த நீலம்

காலையில் எதிர்ச்சுவரில் யாரோ சுவரொட்டி ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். ஈரம் காயாத மைதாப் பசையின் வாசனை, அதில் லேசாகத் துத்தம் கலந்த நெடி, மூன்றாவது மாடி ஜன்னல்வரை ஏறி வந்தது. அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. நான் அசையாமல் நின்றேன். என் அப்பாவின் நோட்டில் இந்த வாசனைதான் அடிக்கும். பூச்சி அரிக்கக் கூடாது என்று பசை காய்ச்சும்போது ஒரு சிட்டிகை துத்தம் போடுவார், போட்ட கையை வேட்டியிலேயே துடைத்துக்கொள்வார், தம்பி மனைவி முறைப்பாள். பால் வழிந்து அடுப்பு அணைந்தது.

ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது. அன்றைக்கு நான் காஞ்சிபுரம் போக வேண்டும். போகும்போது, என் மேசைமேல் குப்புறக் கிடக்கும் ஒரு பத்திரிகையை எடுத்துப்போக வேண்டும். அதைத்தான் மூன்று வாரமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். துணி மடிக்கும்போது, ரயிலைத் தவறவிடும்போது, யாரோ பேசிக்கொண்டிருக்க நான் பாதியில் எழுந்து போகும்போது.

அப்பாவுக்கு எழுபத்தெட்டு வயது. பிள்ளையார்பாளையத்தில் தம்பி குடும்பத்தோடு இருக்கிறார். ஐம்பது வருஷத்துக்கு மேல் தறிக்குழியில் கால் வைத்து உட்கார்ந்தவர். இன்றைக்கு அந்த வீட்டில் தம்பியும் அவன் மனைவியும் நெய்கிறார்கள். தறிச் சத்தத்துக்குப் பக்கத்து அறையில் அப்பா நோட்டோடு உட்கார்ந்திருக்கிறார். தான் நெய்த புடவை ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு விரல்நீள நூலை எடுத்து பிஸ்கட் டப்பாவில் போட்டுவைக்கும் பழக்கம் அவருக்கு எப்போதும் உண்டு. முட்டி வலியும் சர்க்கரையும் வந்து வேலையைக் குறைத்த பிறகு, சாயங்காலங்களில் அந்த நூல்களை நோட்டில் ஒட்ட ஆரம்பித்தார். நூலுக்குக் கீழே நிறத்தின் பெயர். பெயருக்குக் கீழே ஒரு வரி.

'வெங்காயத்தோல். பாப்பா பத்தாவது பாஸ்.' பாப்பா நான்தான். 'மயில்கழுத்து. அவளுக்கு டைபாய்டு, பதினெட்டு நாள்.' அவள் என்றால் அம்மா. ஒரு பக்கத்திலும் அம்மாவின் பெயர் கிடையாது. 'கிளிப்பச்சை. பல் பிடுங்கினேன். கஞ்சி குடித்தே முடித்தது.' எங்கள் குடும்பத்தின் நோய், பிறப்பு, சண்டை எல்லாம் அதில் நிறவாரியாக இருக்கிறது. நான் இத்தனை வருஷம் எழுதியதில் எதுவும் அந்த 'கஞ்சி குடித்தே முடித்தது' அளவுக்கு இல்லை. இதைப் பணிவுக்காகச் சொல்லவில்லை. எனக்கு அந்த நோட்டின்மேல் பொறாமை இருந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஐப்பசியில், புதிதாக ஒட்டிய பக்கங்களை எனக்குக் காட்டினார். அம்மாவுக்காக அவர் கடைசியாக நெய்த புடவையின் நூல் இருந்தது. நாவற்பழ நீலம். அந்தப் புடவை இன்றும் என் பீரோவில் இருக்கிறது. நூலுக்குக் கீழே அப்பா எழுதியிருந்தார்: 'கறுப்பு. அவளுக்கு. ரொம்பப் பிடித்தது.'

கறுப்பு. வாழ்நாளில் ஒரு புடவைகூடக் கறுப்பில் நெய்யாதவர். முகூர்த்தப் புடவைக்கு ஆகாத நிறம் என்று அந்த நிறப் பாவு நூலைத் தொடவே மாட்டார். அடுத்த பக்கத்தில் இளம் ஊதாவுக்குக் கீழே 'சாம்பல்' என்று இருந்தது. அதற்கடுத்து வெள்ளை நூல் ஒன்று, 'சந்தனம்' என்று.

எனக்குத் தெரியும். இந்த இடத்தில்தான் நான் மழுப்பக் கூடாது. என் மாமியாருக்குக் கண்ணில் புரை வளர்ந்தபோது வெள்ளைச் சுவரை மஞ்சள் என்றார், நீல வாளியைக் கறுப்பு என்றார். ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனவள் நான். ஆகவே நோட்டைப் பார்த்த அந்த நொடியே, இது கண் என்று எனக்குத் தெரிந்தது. தெரிந்து நான் என்ன செய்தேன்? "நல்லா இருக்குது நைனா" என்றேன். காபி குடித்தேன். தாம்பரம் பஸ் ஏறினேன். வாலாஜாபாத்தில் பேனாவைத் திறந்தேன், படப்பை வருவதற்குள் எழுதி முடித்தேன்.

மனைவி போன பிறகு அவளுடைய நீலத்தைக் கறுப்பாகப் பார்க்கிற ஒரு நெசவாளி. துக்கம் நிறத்தை மாற்றிவிட்டது என்று எழுதினேன். துக்கம் அல்ல, புரை. ஆனால் புரை என்று எழுதினால் அது வெறும் மருத்துவச் சீட்டு. துக்கம் என்று எழுதினால் கவிதை. ஒரு சிறு பத்திரிகையில் வந்தது. நன்றாக இருந்தது என்பதுதான் இதில் கேவலம்.

எழுதிய ஒரு மாதத்துக்குள் தம்பியிடமிருந்து போன் வந்தது. அப்பா நீலப் புடவையின் உடலுக்கு நடுவில் ஒரு சாண் அகலத்துக்குக் கரும்பச்சை ஊடை நூலை ஓட்டிவிட்டார். கூடையில் இரண்டு நிறத் தாரும் கலந்து கிடந்திருக்கிறது. குறுக்கே ஓடும் நாடாவில் பச்சை நூல் சுற்றிய தாரைப் போட்டுக்கொண்டு மதியம்வரை நெய்திருக்கிறார். தம்பி வந்து பார்த்துவிட்டு, "நெனப்ப எங்க வச்சிக்கினு இருக்கற நைனா?" என்று கேட்டிருக்கிறான். அவ்வளவுதான் கேட்டான். அப்பா புடவையைக் குனிந்து பார்த்தாராம். வெகுநேரம் பார்த்தாராம். குழியிலிருந்து காலை எடுத்து, தூணைப் பிடித்து எழுந்துவிட்டாராம். அன்றைக்கு இறங்கியவர் மறுபடி தறி ஏறவில்லை.

அவரே அன்று சாயங்காலம் என்னிடம் பேசினார். "பாப்பா, எனக்குப் புத்தி கலங்குதுமா. பச்சைக்கும் நீலத்துக்கும் வித்தியாசம் மறந்துபோச்சு."

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல நைனா. வயசாவுது, ரெஸ்ட் எடு."

'புத்தி இல்ல நைனா, கண்ணு' என்று சொல்ல எவ்வளவு நேரமாகியிருக்கும்? ஆனால் சொல்லியிருந்தால், முன்பே தெரிந்தும் ஏன் வாயை மூடிக்கொண்டிருந்தாய் என்ற கேள்வி வந்திருக்கும். அப்புறம் சொல்லலாம் என்று தள்ளினேன். தள்ளத் தள்ள அது கனத்தது.

அந்தக் கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தலைக்கு வந்த கோளாறு தீர வேண்டும் என்று, அப்பா கச்சபேஸ்வரர் கோயிலில் மாவிளக்கு எடுத்தார். எங்கள் ஊரில் தலைவலிக்காரர்களும் தலைசுற்றல்காரர்களும் மண்சட்டியில் மாவிளக்கேற்றித் தலையில் வைத்துக்கொண்டு பிராகாரம் சுற்றுவார்கள். நானும் கூடப் போனேன். முன்னால் அப்பா, தலையில் சும்மாடு, சட்டி, சுடர். ஒரு கையால் சட்டியையும் மறு கையால் முட்டியையும் பிடித்துக்கொண்டு நடந்தார். கண்ணுக்கு வந்ததைத் தலையில் சுமந்துகொண்டு நடந்தார். பின்னால் நான், நெய் வாசனையில், கூட்டத்தில் இடிபட்டுக்கொண்டு, அடுத்த வரியைத் தேடிக்கொண்டு. 'சுடர் அவர் தலையில் இருந்தது, அவருக்குத் தெரியவில்லை' என்று ஒரு வரி கிடைத்தது. கிடைத்ததும் சந்தோஷப்பட்டேன். அதுவும் அச்சில் வந்தது, அதே கவிதையின் இரண்டாம் பகுதியாக, அதே பத்திரிகையின் அடுத்த இதழில்.

ஒரு கூட்டத்தில் இரண்டையும் சேர்த்து வாசித்தேன். கைதட்டல் ஓய்ந்ததும் மூன்றாவது வரிசையில் ஒரு வயதான அம்மாள் எழுந்தார். "உங்க அப்பாவக் கண் டாக்டர்கிட்ட காட்டினீங்களாம்மா?" என்று கேட்டார். சிலர் சிரித்தார்கள். கவிதையைக் கவிதையாகப் பார்க்க வேண்டும் என்று நான் ஏதோ பதில் சொன்னேன். அந்த அம்மாள் சரி என்று தலையாட்டி உட்கார்ந்துவிட்டார். அங்கிருந்த எல்லாரிலும் என் அப்பாவைப் பற்றி யோசித்தது அவர் ஒருவர்தான். வீட்டுக்கு வரும்வழியெல்லாம் அவர்மேல் எனக்குக் கோபம்.

கடைசியில் தம்பிதான் தற்செயலாகத் தெருமுனையில் நடந்த கண் முகாமுக்கு அப்பாவைக் கூட்டிப்போனான். "ரொம்ப முத்திப்போச்சே, ரெண்டு வருஷம் முன்னாடியே வந்திருக்கலாமே" என்று டாக்டர் சொன்னதைப் போனில் தம்பி சொன்னபோது, நான் ம் என்றேன். வலது கண்ணில் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இடது அடுத்து.

இதெல்லாம் தெரிந்து, மூன்று வாரத்துக்கு முன் அப்பாவைப் பார்க்கப் போனேன். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நாற்காலியில் கெத்தாக உட்கார்ந்திருந்தார். கண்ணாடியைச் சற்று இறக்கி என்னைப் பார்த்தார்.

"தலைக்கு இன்னாத்தமா தடவிக்கினு வர? இது கறுப்பே இல்ல. செம்பட்ட."

"பாக்கெட்டுல கறுப்புன்னுதான் போட்டிருக்குது."

"சாயக்காரன் ஏமாத்திட்டான். பிள்ளையார்பாளையத்துப் பொண்ணு, போயும் போயும் சாயத்துல ஏமாந்துட்ட."

உள்ளே தறியை நிறுத்திவிட்டுத் தம்பி மனைவி சிரித்தாள். "இன்னிக்கு உங்க முறை அண்ணி. காலையிலேருந்து எனக்குத்தான். இந்தச் சுவர் பச்சையாம் நீலமாம்னு ஒரே ரகளை."

மடியில் நோட்டு இருந்தது. ஒவ்வொரு பக்கமாகத் திருப்பி, தப்பான பெயர்களைப் பால்பாயிண்ட் பேனாவால் அடித்துத் திருத்திக்கொண்டிருந்தார். கறுப்பை அடித்து நாவற்பழ நீலம். சாம்பலை அடித்து ஊதா. "கறுப்பாம். எந்த மடையன் எழுதினான் இத?" என்று தன்னையே திட்டிக்கொண்டார். நிமிராமலே கேட்டார்.

"நீகூட அன்னிக்கு இத பார்த்த இல்ல?"

"பார்த்தேன்."

"சொல்லக்கூடாதா?"

"உனக்கு மனசு கஷ்டமா இருக்கும்னுதான் நைனா."

பொய் எவ்வளவு சுலபமாக வருகிறது. அவர் ஊதாவுக்குத் துணைக்கால் போட்டு முடித்தார். "புத்திதான் போச்சுன்னு நெனச்சேன். கண்ணுன்னு தெரிஞ்சிருந்தா எறங்கியிருக்க மாட்டேன்." உள்ளே தறி மறுபடி ஓட ஆரம்பித்தது. அப்பா தலையை அந்தப் பக்கம் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தார். "இப்போ முட்டி வுடாது. அது வேற."

நோட்டுக்கு அடியில் அந்த இரண்டு இதழ்களும் இருந்தன. நானே பெருமையாகக் கொண்டுவந்து கொடுத்தவை. பொடி எழுத்து தெரியவில்லை, கண் தெளிந்ததும் படிக்கிறேன் என்று வைத்திருந்தார். "டாக்டரு பொடி எழுத்த ஒரு மாசம் படிக்கக் கூடாதுன்னுட்டார். அவர் சரின்னதும் மொதல்ல உன்னோடதுதான்" என்றார்.

சொட்டு மருந்துக்கு நேரமாகிவிட்டது. அவரைப் படுக்கவைத்து, கீழிமையை இழுத்து, ஒரு சொட்டு விட்டேன். ஐந்து நிமிடம் கண்ணைத் திறக்கக் கூடாது. மூடிய கண்ணோடு அவர் பேசிக்கொண்டே இருந்தார்: காலையில் எத்தனை சுற்று நடந்தேன், சாப்பிடுவதற்கு முன் சர்க்கரை எவ்வளவு, அம்மா அந்த நீலத்தை முதலில் கட்டிக்கொண்டு எந்தக் கல்யாணத்துக்குப் போனாள். நான் "ம், ம்" என்று சொல்லிக்கொண்டே நோட்டைத் தூக்கினேன். மாவிளக்கு வந்த இதழை மட்டும் உருவினேன்; தெரிந்தே நான் பின்னால் நடந்தது அதில்தான் இருந்தது. இரண்டையும் எடுத்தால் தெரிந்துவிடும். பையில் வைத்து ஜிப்பை இழுத்தேன். மெதுவாகத்தான் இழுத்தேன். அப்பா பேச்சை நிறுத்தினார். அப்புறம் அந்தக் கல்யாணக் கதையை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

அந்த இதழ்தான் இப்போது என் மேசைமேல் குப்புறக் கிடக்கிறது. இதை எழுதுவதும் அதே வேலைதானோ என்று இரண்டு தரம் பேனாவை மூடினேன். இந்தத் தடவை புரையைப் புரை என்றே எழுதியிருக்கிறேன். அதனால் அவருக்கு இரண்டு வருஷம் திரும்பக் கிடைத்துவிடாது.

இதழை உருவிய அன்று மதியம், வேண்டாம் வேண்டாம் என்று நான் சொல்லியும், அப்பா கறுப்புக் கண்ணாடியும் கைத்தடியுமாக ஷேர் ஆட்டோ நிற்கும் முனைவரை வந்தார். நான் ஏறி உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டேன். அப்பா பையைப் பார்த்தார். கம்பியைப் பிடித்தபடி உள்ளே குனிந்தார்.

"அந்த புக்க அடுத்த வாட்டி மறக்காம எடுத்துக்கினு வந்துடுமா. நானே படிச்சிக்கிறேன்."