எல்லாம் புரிந்தது சார்

அரைத்தாள்கள். முழுத்தாளை நடுவில் மடித்துக் கிழித்தவை. மொத்தம் ஐம்பத்திரண்டு. ரப்பர் பேண்ட் போட்டு என் மேசை மேல் வைத்துவிட்டு, பக்கத்து வகுப்பு மேடம் உட்காராமல் நின்றார். "சார், ஒரு நிமிஷம் இதைப் பாக்கறீங்களா? வேற யாருக்கும் காட்டல" என்றார். பிரித்தேன். முதல் தாளில் ஒரே வரி: 'மைனஸ் எங்கிருந்து வந்தது?' இரண்டாவதிலும் அதுவே. மூன்றாவதில் 'மைனஸ் ஏன் மேடம்?' முப்பத்தேழு தாள்களில் அந்தக் கேள்விதான். கேட்டது அவரிடம் என்றாலும் பதில் சொல்ல வேண்டியவன் நான். அந்த மைனஸ் என் நோட்ஸில் இருந்தது.

திருவண்ணாமலையில் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் நான் இயற்பியல் நடத்துகிறேன். அப்போது எனக்கு இருபத்திரண்டு வருட சர்வீஸ். முதலாண்டில் இரண்டு பிரிவு. A எனக்கு, B அவருக்கு. பாடம் ஒன்றுதான், நேரமும் ஒன்றுதான், நடுவில் ஒரு சுவர். அவர் கௌரவ விரிவுரையாளர். பெயரில்தான் கௌரவம், ஒவ்வொரு ஜூனிலும் துறையில் சரி என்று சொன்னால்தான் அடுத்த வருடம் வேலை. கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ்ஸில் வருவார். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். எனக்கு அவர் மேல் பொறாமை. சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது. அன்றும் பொறாமை, இன்றும் பொறாமை.

அவர் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. புரொஜெக்டர் இல்லை, கம்ப்யூட்டர் இல்லை. ஒரு கேள்வியைப் போர்டில் எழுதுவார், கீழே மூன்று பதில். எழுதிவிட்டுச் சும்மா நிற்பார். நான் கேள்வி கேட்டால் மூச்சு விடுவதற்குள் பதிலையும் நானே சொல்லிவிடுவேன். அவர் நிற்பார். சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லாமல் போய்விடும். என் வகுப்பில் பேசிக்கொண்டிருக்கிற எனக்கே ஒரு மாதிரி இருக்கும். பிறகு எந்தப் பதில் என்று விரலை நெஞ்சோடு ஒட்டிக் காட்ட வேண்டும், பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியக்கூடாது. எண்ணிப் பார்த்துவிட்டு, "சரி, இப்ப பக்கத்துல இருக்கறவங்களோட சண்டை போடுங்க. ரெண்டு நிமிஷம்" என்பார். சந்தை ஆகிவிடும். மறுபடி விரல். டெஸ்ட் தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது மார்க் இருக்காது. தப்பான இடத்துக்குக் கீழே பென்சில் கோடு மட்டும் இருக்கும். திருத்தி எழுதி வந்தால்தான் மார்க். கடைசி ஐந்து நிமிடம் அரைத்தாள். இன்றைக்கு எந்த இடத்தில் புரியவில்லை, ஒரு வரி எழுது, பெயர் வேண்டாம். மறுநாள் வகுப்பு அந்தத் தாள்களில் இருந்துதான் ஆரம்பிக்கும். இவ்வளவுதான். இதை யாரும் செய்யலாம். எனக்கு எரிச்சலே அதுதான். பெரிய படிப்போ வெளிநாட்டுப் பட்டமோ இருந்திருந்தால், நமக்கு வராது என்று விட்டிருப்பேன்.

ஒரு பௌர்ணமி முடிந்த மறுநாள். பௌர்ணமி அன்று எங்கள் வகுப்புகள் பாதி காலியாக இருக்கும். அடி அண்ணாமலைப் பக்கத்துப் பிள்ளைகள் கிரிவலப் பாதைக் கடைகளில் தண்ணீர் பாட்டில் விற்கப் போய்விடுவார்கள். மறுநாள் தூங்கி வழிந்துகொண்டு வருவார்கள். அன்று இரண்டு வகுப்பிலும் ஒரே பாடம். கிளம்பின இடத்துக்கே திரும்பி வந்தால் புவியீர்ப்பு செய்த வேலை மொத்தத்தில் பூஜ்யம். நான் நோட்ஸைச் சொல்லிக்கொண்டே போனேன், என் பிள்ளைகள் எழுதிக்கொண்டே போனார்கள். ஃபேன் சத்தம் மட்டும்தான். அந்தப் பக்கம் அவர், "மலையைச் சுத்திட்டு கெளம்பின எடத்துக்கே வந்துட்டீங்க. புவியீர்ப்பு எவ்வளவு வேலை செஞ்சுது?" என்று கேட்டிருக்கிறார். பூஜ்யம் என்றார்கள். ஒரு பெண் எழுந்து, "பூஜ்யம்னா அப்புறம் ஏன் மேடம் கால் வலிக்குது?" என்றாள். வகுப்பே சிரித்தது. அவர் சிரிக்கவும் இல்லை, பதில் சொல்லவும் இல்லை. "நல்ல கேள்வி. எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன். நாளைக்கு நீங்க சொல்லுங்க" என்றார்.

அந்தக் கேள்வி கல்லூரி முழுக்கச் சுற்றியது. கேன்டீனில் அதுதான், பஸ் ஸ்டாப்பில் அதுதான். என் வகுப்புப் பையன் ஒருவன் ஸ்டாஃப் ரூமுக்கு வந்து, "சார், கால் ஏன் சார் வலிக்குது?" என்றான். "சிலபஸ்ல இல்ல, போ" என்று அனுப்பினேன். ஆறு மாதத்தில் அவன் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. கடைசியும் அதுதான். மறுநாள் வகுப்புக்குப் போகும்போது எங்கள் லேப் அட்டெண்டர் B பிரிவு வாசலில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். முந்தின வாரம் என்னிடம் வந்து, "அந்தாண்ட ஒரே சத்தமா கீது சார், நீங்க ஒருவாட்டி சொல்லக்கூடாதா?" என்று கேட்டவர் அவர்தான்.

"என்னய்யா இங்க நிக்கற?"

"இல்ல சார், கால் ஏன் வலிக்குதுன்னு நேத்து சொல்லாம வுட்டுட்டாங்க. அதான், கேட்டுட்டுப் போயிடறேன்."

இருபத்திரண்டு வருடமாக அந்த மனிதர் என் வகுப்பைத் தாண்டிப் போகிறார். ஒரு நாளும் நின்றதில்லை.

இப்போது மைனஸுக்கு வருகிறேன். என் நோட்ஸ் பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஜெராக்ஸ் கடையில் கிடைக்கும். சீனியரிடமிருந்து ஜூனியர் ஜெராக்ஸ், அதிலிருந்து இன்னொரு ஜெராக்ஸ். இரண்டு பிரிவிலும் எல்லோர் கையிலும் அதுதான் இருக்கும். மேலே ஏற ஏற நமக்குள் ஆற்றல் சேரும். ஆனால் பூமி நம்மைக் கீழேதான் இழுக்கும். இரண்டும் எதிரெதிர். அந்த எதிரைச் சொல்வதற்குத்தான் அந்தச் சமன்பாட்டில் ஒரு கழித்தல் குறி. சின்னக் கோடு. ஜெராக்ஸில் தேய்ந்து தேய்ந்து எந்த வருடத்திலோ அது காணாமல் போயிருக்கிறது. முதல் வரியில் மைனஸ் இல்லை. அடுத்த வரியில் திடீரென்று இருக்கிறது. பிள்ளைகள் அப்படியே மனப்பாடம் செய்தார்கள். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை.

மேடம் மெதுவாகச் சொன்னார்: "ஜெராக்ஸ்ல அழிஞ்சிருக்கும் சார். நீங்களே போர்டுல ஒருவாட்டி போட்டுட்டா எல்லாரும் திருத்திக்குவாங்க. நான் சொன்னா நல்லா இருக்காது."

மரியாதையாகத்தான் சொன்னார். அது எனக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது. "இத்தினி வருஷமா எவனும் என்னைக் கேக்கல. ஒங்க கிளாஸ்ல மட்டும் எப்படிம்மா கேக்கறான்?" என்றேன்.

"எழுதச் சொன்னேன் சார். பேர் போட வேணாம்னு சொன்னேன். அவ்ளோதான்."

"மொதல்ல போர்ஷனை முடிங்க. இந்தக் காகிதக் கட்டெல்லாம் அப்புறம் பாக்கலாம்."

தாள்களை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் பீரோவைத் திறந்து, போன வாரம் திருத்தின மாடல் தேர்வுத் தாள்களை எடுத்தேன். மைனஸ் இல்லாத வரி. அதன் மேல் என் சிவப்பு டிக். அடுத்த தாள், அதே வரி, அதே டிக். நான் படித்துத் திருத்தவில்லை. நோட்ஸ் மாதிரி இருக்கிறதா என்று கை பார்த்திருக்கிறது, டிக் போட்டிருக்கிறது. ஒரே ஒரு பெண் மைனஸை அது இருக்க வேண்டிய இடத்தில் போட்டிருந்தாள். யோசித்துப் போட்டிருக்க வேண்டும், நோட்ஸில்தான் இல்லையே. அதை நான் சிவப்பில் சுழித்து அரை மார்க் குறைத்திருந்தேன். அவளும் ஏன் என்று வந்து கேட்கவில்லை. அந்த அரை மார்க்கை அன்று நான் திருப்பிப் போடவில்லை. போட்டால் ஏன் போட்டேன் என்று சொல்ல வேண்டி வரும்.

மறுவாரம் நானும் அரைத்தாள் கொடுத்தேன். திருந்தினேன் என்று நினைக்க வேண்டாம். அவரால் முடிகிறது என்னால் முடியாதா என்கிற வீம்பு. கடைசி ஐந்து நிமிடம், புரியாததை எழுதுங்கள், பெயர் வேண்டாம் என்றேன். ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து பிரித்தேன். 'எல்லாம் புரிந்தது சார்.' அடுத்தது, 'எல்லாம் புரிந்தது சார்.' ஒருவன் 'நன்றி சார்' என்று சேர்த்திருந்தான். பெயர் வேண்டாம் என்று சொல்லியும் பாதிப் பேர் ரோல் நம்பர் போட்டிருந்தார்கள், பின்னால் வம்பு வரக்கூடாது என்று. அன்று நடத்தியது அந்தப் பாடத்திலேயே கஷ்டமான பகுதி. எனக்கே முதல் தடவை படித்தபோது புரியாதது. சுவருக்கு அந்தப் பக்கம் அதே காகிதம், அதே கேள்வி, அதே ஊர்ப் பிள்ளைகள். அவரிடம் தெரியாது என்கிறார்கள். என்னிடம் பொய் சொல்கிறார்கள். அந்தத் தாள்களைக் கிழித்துக் கூடையில் போட்டேன். அன்று எனக்கு வந்த பொறாமை சாதாரணப் பொறாமை இல்லை. நெஞ்செரிச்சல் மாதிரி இரண்டு நாள் இருந்தது.

ஏப்ரல் முடிவில் துறைத் தலைவர் என்னைக் கூப்பிட்டார். ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தவர், யாரோடும் சண்டை வேண்டாம் என்று இருப்பவர். மேசையில் கௌரவ விரிவுரையாளர்களின் பட்டியல். "B செக்ஷன் மேடத்தைப் பத்தி என்ன சொல்றீங்க? கண்டினியூ பண்ணலாமா? நீங்கதான பக்கத்துல இருக்கறீங்க" என்றார்.

"சத்தம் ஜாஸ்தி சார்" என்றேன். அது உண்மை. பிறகு, "போர்ஷன் முடிக்கறதில்ல" என்றேன். அது பொய். மார்ச்சில் மேடம் எனக்கு ஒரு வாரம் முன்பே முடித்து, பிள்ளைகளை ஒருவருக்கொருவர் நடத்திக்கொள்ளச் சொல்லிவிட்டு, கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். ஜன்னல் வழியாக நான் பார்த்தேன்.

"அப்படியா?" என்றார் தலைவர். பேனாவை எடுத்தார். நான் சொன்னதை மாற்றிச் சொல்ல அந்த இடத்தில் எனக்கு நேரம் இருந்தது. மூடியைக் கழற்றினார், எழுதிப் பார்த்தார், மை வரவில்லை, உதறினார். அவ்வளவு நேரம் இருந்தது. நான் ஃபேனைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஜூனில் மேடம் வரவில்லை. ஒரு நாள் மட்டும் வந்தார், சர்டிபிகேட் வாங்க. வராண்டாவில் என்னைப் பார்த்து நின்றார். "போர்ஷன் முடிக்கலன்னு எழுதியிருக்காங்க சார்" என்றார். யார் சொன்னது என்று கேட்கவில்லை. தெரியாமலும் இருந்திருக்காது. "பரவால்ல சார். உங்க பசங்க அந்த மைனஸைத் திருத்திக்கிட்டாங்களா?" என்றார். திருத்திவிட்டார்கள் என்றேன். அதுவும் பொய். மறுநாள்தான் போய்ப் போர்டில் போட்டேன், அதுவும் அடுத்த வருடத்துப் பிள்ளைகளுக்கு. இப்போது அவர் வேறு மாவட்டத்தில் ஒரு தனியார் கல்லூரியில் இருப்பதாகக் கேள்வி. நம்பர் என்னிடம் இருக்கிறது. கூப்பிட்டதில்லை. கூப்பிட்டு என்ன சொல்வது?

மூன்று வருடம் ஆகிறது. நான் அரைத்தாளை விடவில்லை. வாரத்துக்கு இரண்டு தடவை கொடுக்கிறேன், வாரத்துக்கு இரண்டு தடவை 'எல்லாம் புரிந்தது சார்' என்று வாங்குகிறேன். கேள்வி கேட்டுவிட்டுச் சும்மா நிற்கப் பழகினேன். நான் நின்றால் பிள்ளைகள் தலையைக் குனிந்துகொள்கிறார்கள், யாரை எழுப்பப் போகிறேனோ என்று. இருபத்திரண்டு வருடமாக எழுப்பித் திட்டினது ஒரு காகிதத்தில் போய்விடுமா?

போன மாதம் ஒரு தாள் வந்தது. 'சார், இரண்டாவது வரியிலிருந்தே எனக்குப் புரியவில்லை.' நான் அதை மூன்று தடவை படித்தேன். அன்று வீட்டுக்கு வண்டி ஓட்டிக்கொண்டு போகும்போது செங்கம் ரோட்டில் என்னையறியாமல் சிரித்துக்கொண்டே போனேன். எனக்கு வந்த முதல் உண்மையான தாள். மறுநாள் வகுப்பில், திட்ட மாட்டேன், யார் எழுதியது என்று கேட்டேன். கொஞ்ச நேரம் கழித்து முதல் வரிசையில் ஒரு பெண் எழுந்து நின்றாள்.

"இப்படி எழுதணும்னு உனக்கு எப்படித் தோணுச்சு?" என்றேன். என்னைப் பற்றி ஏதோ நல்ல வார்த்தை வரும் என்று எதிர்பார்த்தேன், ஒளிப்பானேன்.

"எங்க அக்கா சொல்லுச்சு சார். அது B செக்ஷன்ல மேடம்கிட்ட படிச்சுது. தெரியலன்னா தெரியலன்னு எழுதுடி, அதுக்குத்தான் பேப்பரு, யாரும் ஒண்ணும் பண்ண மாட்டாங்கன்னு சொல்லுச்சு."

மூன்று வருடம் நான் காகிதம் கொடுத்திருக்கிறேன். அவர் இந்தப் பெண்ணைப் பார்த்ததுகூட இல்லை. ஒரு கணம், உட்காரு என்று சொல்லிவிட்டுப் பாடத்தை மேலே நடத்தலாம் என்றுதான் தோன்றியது. அவள் உட்காராமல் நின்றாள், நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு. பயந்துதான் இருந்தாள். ஆனால் நின்றாள். போர்டில் நேற்றைய கணக்கு அழிக்காமல் அப்படியே இருந்தது, இருபத்தொரு வரி. டஸ்டரை எடுத்துக் கீழிருந்து அழிக்க ஆரம்பித்தேன். மேலே இரண்டு வரியை மட்டும் விட்டு, பத்தொன்பது வரியையும் அழித்தேன்.

"இப்பக் கேளும்மா" என்றேன்.

கேட்டாள். சொன்னேன். சொல்லும்போதெல்லாம், அவர் இருந்தால் இதை எப்படிச் சொல்லியிருப்பார், உடனே சொல்லியிருப்பாரா, சொல்லாமல் நாளைக்குத் தள்ளியிருப்பாரா என்றுதான் ஓடியது. முடிக்கவில்லை, அதற்குள் பின் பெஞ்சில் இன்னொரு கை உயர்ந்தது. அவனுக்கும் யாராவது அக்கா இருக்கிறாளா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. "சொல்லுப்பா" என்றேன்.