தண்ணீர்த்தொட்டித் தெருவில் குழாய் இல்லை என்றேன்

பொய் சொன்னது நான்தான். ஆரோக்கியசாமி என்னிடம் கேட்டது தண்ணீர்த்தொட்டித் தெருவைப் பற்றி. பள்ளிக்கூடத் தெருவைக் கேட்டார் என்று நான் எழுதிக் கொடுத்தேன். நான்கு ஆண்டுகளாக இதை யாரிடமும் சொன்னதில்லை. நீங்கள் யாரென்று தெரியாததால் உங்களிடம் சொல்ல முடிகிறது...

திண்டுக்கல்லில் தெருவுக்கு அடியில் எரிவாயுக் குழாய் பதிக்கும் நிறுவனங்களும், மின்கம்பி புதைக்கும் நிறுவனங்களும் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருக்கின்றன. அதன் அலுவலகச் செயலாளர் நான். பெயர்தான் பெரிது, அலுவலகத்தில் இருப்பவன் நான் ஒருவன். ஊரில் யார் மண்ணைத் தோண்டுவதானாலும் முதலில் எங்களுக்குப் போன் செய்து கேட்க வேண்டும். சுவரில் மாட்டியிருக்கும் வரைபடத்தைப் பார்த்து, அடியில் குழாய் உண்டா, கம்பி உண்டா என்று நான் சொல்ல வேண்டும். அதற்குத்தான் சம்பளம்.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. புதுக் குழாய் பதித்ததும் நிறுவனம் படம் அனுப்பிவிடும். ஆனால் மாதக் கூட்டத்தில் அதை வைத்து, இரு தரப்பும் கையெழுத்திட்ட பிறகுதான் சுவர்ப்படத்தில் கோடு ஏறும். ஒருவருக்குத் தெரியாமல் மற்றவர் கோடு இழுத்துவிடக் கூடாதாம்! அந்த மாதம் கூட்டமே நடக்கவில்லை. புதுப் பெயர்ப்பலகையில் எரிவாயு முதலில் வருவதா, மின்சாரம் முதலில் வருவதா என்று சண்டை. தலைவர் எரிவாயுக்காரர், பொருளாளர் மின்சாரக்காரர். இருவரும் மாமன் மச்சான் வேறு. கேட்கவா வேண்டும்?

தண்ணீர்த்தொட்டித் தெருவின் புதுக் குழாய்ப் படம் என் மேசை இழுப்பறையில் கிடந்தது. பென்சிலால் ஒரு கோடு போட்டு வைத்திருக்கலாம். கையா ஒடிந்துபோயிருக்கும்? போடவில்லை. விதி இருக்கிறதே, நமக்கென்ன என்ற மெத்தனம்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் போன் வந்தது.

“சார், ஜேசிபி ஓட்டுற ஆரோக்கியசாமி பேசுறேன். தண்ணித்தொட்டித் தெருவுல சாக்கடைக்குத் தோண்டப் போறேன். அடியில எதுவும் ஓடுதா? செத்த பாத்துச் சொல்லுங்க.”

சுவரைப் பார்த்தேன். கோடு இல்லை. இழுப்பறை நினைவுக்கு வந்ததா? வரவில்லை என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். உண்மை எதுவென்று எனக்கே இப்போது தெரியவில்லை...

“ஒண்ணும் இல்லண்ணே, தோண்டுங்க.”

அரை மணி நேரத்தில் குழாய் கிழிந்தது. பத்தடி தள்ளி, பாக்கியம் என்ற அம்மாள் இட்லிக்கடை வைத்திருந்தார். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது, வாயு பற்றிக்கொண்டது. உயிர் பிழைத்தார். இரண்டு கைகளும் முழங்கை வரை வெந்துபோயின. விரல்கள் இன்றும் மடங்குவதில்லை.

தலைவர் மதியமே ஓடி வந்தார்.

“ஏம்ப்பா, அந்தாளு நமக்குப் போன் போட்டானாமே. எந்தத் தெருவக் கேட்டான்?”

அவர் என்னைப் பொய் சொல்லச் சொல்லவில்லை. இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், பழியில் பங்கு போட எனக்கு ஆளில்லை. “பள்ளிக்கூடத் தெரு” என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது... இல்லை, யோசித்துத்தான் சொன்னேன்! பள்ளிக்கூடத் தெருவில் உண்மையாகவே குழாய் கிடையாது. போன் வந்தால் குறித்து வைக்கும் பதிவேட்டில் தெருப்பெயரைக் காலியாக விட்டிருந்தேன். அவர் போன பிறகு அதை நிரப்பினேன்.

ஆரோக்கியசாமியின் கைப்பேசியில் எங்கள் எண் இருந்தது. பேசிய பேச்சு அதில் இல்லை. வழக்கு அவர்மேல் பாய்ந்தது. ஜேசிபி முதலாளி அவரை வேலையைவிட்டு நிறுத்தினார். தெருவை மாற்றிச் சொல்லித் தோண்டிய ஓட்டுநரின் கவனக்குறைவே காரணம் என்று சங்கம் அறிக்கை விட்டது. அதை எழுதியவனும் நான்தான். எழுத்து நன்றாக இருக்கிறது என்று பாராட்டினார்கள்.

தூக்கம் வந்ததா என்று கேட்பீர்கள். வந்தது! சாப்பிட்டேன், தூங்கினேன், மகளுக்குக் கல்யாணமும் செய்து வைத்தேன். எப்படி முடிந்தது? அந்த மனிதர் எங்கோ இருந்து என்னைத் திட்டிக்கொண்டிருப்பார் என்று நம்பினேன். திட்டுவதற்கு ஓர் ஆள் இருக்கும்வரை உண்மை அவரிடமாவது பத்திரமாக இருக்கிறது என்று ஓர் அசட்டு நிம்மதி.

மூன்று நாளைக்கு முன்பு வத்தலக்குண்டு பேருந்து நிலையத்தில் அவரைப் பார்த்தேன். நழுவப் பார்த்தேன். அவரே வந்து கும்பிட்டார்.

“நல்லா இருக்கீகளா சார்? கன்னிவாடிப் பக்கம் தோட்டத்துல தண்ணி பாச்சுறேன். ஒங்களப் பாக்கணும்னே இருந்தேன். கோர்ட்டுல ஒங்களப் பொய்யன்னு சொல்லிட்டேன். மனசுல வச்சுக்கிறாதீக.”

“அதெல்லாம் ஒண்ணுமில்லண்ணே.”

“அம்புட்டுத் தடவ யோசிச்சுப் பாத்துட்டேன் சார். படிச்சவுக, நீங்க எதுக்குப் பொய் சொல்லப் போறீக? என் வாயிலதான் தெரு மாறி வந்திருக்கு. சர்ச்சுல சாமியார்ட்ட பாவசங்கீர்த்தனமும் பண்ணிட்டேன். ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சதும் பாக்கியத்தம்மா வீட்டுக்குப் போயி மாவாட்டிக் குடுத்துட்டு வாரேன். அந்தம்மா மன்னிச்சிருச்சு. வர்ற திங்கக்கெழம வாய்தா. குத்தத்த ஒத்துக்கிடப் போறேன்.”

நான் செய்த பாவத்தை அவர் சொல்லி, மன்னிப்பும் வாங்கிவிட்டார்... உண்மையை வைத்திருந்த ஒரே மனிதர். அவரிடமிருந்தும் அதைப் பிடுங்கிவிட்டேன்!

“நீங்களும் ஒரு வார்த்த மன்னிச்சிட்டேன்னு சொல்லிட்டீகன்னா...” என்று நின்றார். அவருடைய பேருந்து புறப்படத் தயாராக இருந்தது. நடத்துனர் விசில் கொடுத்தார். அவர் அசையவில்லை. நான் சொல்லும்வரை போகமாட்டார் போலிருந்தது.

“மன்னிச்சிட்டேண்ணே” என்றேன்.

அவர் முகம் தெளிந்துவிட்டது. ஓடிப் போய்ப் பேருந்தில் ஏறிக்கொண்டார்.

இன்று சனிக்கிழமை. நாளை மறுநாள் வாய்தா. உங்களிடம் சொல்லிவிட்டேன். அங்கே போய்ச் சொல்வேன் என்று மட்டும் உங்களுக்கு வாக்குக் கொடுக்க முடியவில்லை.