கெமராவைக் கீழே போடாத ஆள்

பேய்ப் படம் பார்த்தால் எனக்குப் பயம் வராது, கோபம்தான் வரும். அதுவும் நாலைந்து குட்டிக் கதைகளை ஒன்றாகக் கோத்து, இதெல்லாம் காணாமல் போனவர்களின் கெமராவில் கிடைத்த வீடியோ என்று எழுத்துப் போட்டுத் தொடங்குவார்களே, அந்த ரகப் படம் என்றால் எரிச்சல் உச்சந்தலைக்கு ஏறிவிடும். வீட்டுக்குள் பேய் நிற்கிறது. பக்கத்தில் நின்றவனின் தலையைக் காணோம். இவன் மட்டும் கெமராவைப் பிடித்துக்கொண்டே ஓடுகிறான். அடேய், உனக்கு உயிர் பெரிதா, படம் பெரிதா? கீழே போட்டுவிட்டு ஓடித் தொலையேன்டா!

எனக்குக் கல்யாணம் பேசியிருந்த ஆளுக்கு இந்தப் படங்கள் என்றால் கொள்ளைப் பிரியம். மாத்தளை டவுனில் ஒரு ஸ்டூடியோவில் கல்யாண வீடியோ எடுக்கிற வேலை அவருக்கு. நிச்சயதார்த்தம் முடிந்த கையோடு மற்ற மாப்பிள்ளைகள் சேலை, சுடிதார் என்று வாங்கித் தருவார்கள். இவர் ஒரு பென் டிரைவில் படத்தைப் போட்டுக் கொடுத்து, "தனியா பாக்காதீங்க, பயந்துருவீங்க" என்றார். நான் அதை அலுமாரிக்குள் போட்டுப் பூட்டினேன். ஆனாலும் ஆளைப் பிடித்திருந்தது. அதிகம் பேசாத மனுஷன், பேசினால் சிரிப்பு வரும்.

அவருடைய அக்கா லக்கலப் பக்கம், பல்லேகமவைத் தாண்டி ஓர் ஊரில் கடை வைத்திருக்கிறார். கல்யாணத்துக்குச் சொல்லப் போனோம். எங்கள் இரண்டு பேரையும் தனியாக அனுப்பினால் உலகம் கவிழ்ந்துவிடும் என்று, துணைக்கு அண்ணியையும் ஏற்றிவிட்டார் அம்மா. அந்தப் பக்கம் பஸ் எப்போது வரும் என்பது டிரைவருக்கே நிச்சயமில்லை. வந்த பஸ்ஸும் பாதியில் இறக்கிவிட்டது. வெயில் சாய்கிற நேரம், இரண்டு பக்கமும் சேனைக்காடு, நடுவில் கிரவல் ரோடு, தூரத்தில் அக்காவின் கடை. எங்களுக்கு முன்னால் அவர் பின்பக்கமாக நடந்தபடியே போனில் படம் எடுத்துக்கொண்டு வந்தார். கல்யாண வீடியோவின் ஆரம்பத்தில் போடுவதற்காம்.

"கொஞ்சம் சிரிங்க. பல்லு தெரிஞ்சா ஒன்னும் கொறைஞ்சிராது."

சிரித்தேன். அவர் முகம்தான் மாறியது.

"ஓடுங்க! திரும்பிப் பாக்காம ஓடுங்க!"

யார் கேட்டார்கள்? திரும்பிப் பார்த்தேன். யானை! காட்டை விட்டு ரோட்டில் ஏறி நின்று காதை விரித்தது. அவ்வளவுதான். அண்ணி குடையை எறிந்துவிட்டுப் பறந்தார். அண்ணனைக் கல்யாணம் கட்டியதிலிருந்து அவர் வேகமாக நடந்துகூட நான் பார்த்ததில்லை. நான் சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டு, ஒரு செருப்போடு, அம்மாவையும் மாரியம்மனையும் மாறி மாறிக் கூப்பிட்டபடி ஓடினேன். தூரத்தில் யாரோ சிங்களத்தில் "அலியா! அலியா!" என்று கத்தி வெடி போட்டார்கள். அக்காவின் கடைக்குள் போய் வெங்காயச் சாக்கின் மேல் குப்புற விழுந்தேன். தலையைத் தூக்கினால், மாப்பிள்ளை வாசலில் நிற்கிறார். போன் என்னைப் பார்த்தபடி கையில் இருக்கிறது.

அந்த நிமிஷம் எனக்கு வந்த ஆத்திரத்தைப் பார்த்திருந்தால் யானையே மன்னிப்புக் கேட்டிருக்கும். முன்னால் நின்ற மனுஷன் முதல் ஆளாக ஓடிப்போய், பத்திரமாகக் கடை வாசலில் நின்று, நான் சாகப்போவதைப் படம் எடுத்திருக்கிறார்! போதாக்குறைக்கு அவருடைய அக்கா அதைக் குடும்பக் குரூப்பில் போட்டுவிட்டார். கட்டாரில் இருக்கிற மாமாவிலிருந்து எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "மருமகள ஒலிம்பிக்குக்கு அனுப்புங்க" என்றது ஒரு கிழம். நான் பல்லை இளிப்பதும், தோளுக்குப் பின்னால் யானைத் தலை முளைப்பதும் வரைதான் பார்த்தேன். போனை மெத்தையில் வீசினேன்.

"இந்தக் கல்யாணம் வேணாம். நான் செத்தா தூக்குறதுக்கு நாலு பேரு வேணும், வீடியோ எடுக்குறதுக்கு இல்ல."

போனில் அவர் எடுத்த கோல் ஒன்றுக்கும் நான் பதில் சொல்லவில்லை. அம்மா அழுது பார்த்தார், திட்டியும் பார்த்தார். கடைசியில், பௌர்ணமிப் போயா லீவு முடிந்ததும் அண்ணன் போய் மோதிரத்தைத் திருப்பிக் கொடுப்பதாக முடிவானது. எனக்கோ மோதிரத்தைக் கழற்ற மனசில்லை. ஆனால் சொன்ன வாயால் எப்படி மாற்றிச் சொல்வது?

போயா அன்று மத்தியானம் அண்ணி மோதிரத்தையும் நிச்சயத்துக்கு வந்த சேலையையும் ஒரு பைக்குள் வைத்தார். கூடவே பென் டிரைவும் அகப்பட்டது.

"குடுக்குறதுக்கு முந்தி என்னதான் இருக்குனு பாப்போமே" என்று டீவியில் குத்தினார்.

திரைச்சீலையை இழுத்துவிட்டு, அவித்த கடலையோடு மூன்று பேரும் உட்கார்ந்தோம். முதல் கதையிலேயே அம்மா எழுந்துபோய் டீவியின் நெற்றியில் திருநீறு பூசிவிட்டு வந்தார். அண்ணி அந்தோனியார் கோயில் இருக்கிற வஹகோட்டைப் பிள்ளை. தலையணைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "அந்தோனியாரே, அந்தோனியாரே" என்றார். நடுநடுவே, "இப்ப என்ன நடக்குது? சொல்லு புள்ள" என்று என்னைக் கிள்ளினார்.

"ஏன் இப்புடி ஆட்டி ஆட்டி எடுக்குறான்?" என்றார் அம்மா. "நம்ம மாப்ள இத விட..." என்று தொடங்கி, என் முகத்தைப் பார்த்துக் கடலையை வாயில் போட்டுக்கொண்டார்.

இரண்டாவது கதை பாதியில் நின்றது. அந்தப் பெண் என்ன ஆனாள் என்று அம்மா கேட்டார். அவ்வளவுதான் மாமி, இனி வேறு கதை என்றார் அண்ணி.

"அது எப்புடி? பெத்தவங்களுக்கு ஒரு வார்த்தை சொல்ல வேணாமா? என்ன படம் எடுக்குறானுங்க, கட்டையில போறவனுங்க!"

மூன்றாவது கதையில் இரண்டு பெண்கள் காட்டுக்குள் ஓடினார்கள். கெமராவும் குலுங்கிக் குலுங்கி ஓடியது. எனக்குப் பொறுக்கவில்லை.

"போட்டுட்டு ஓடுடா மடையா!"

"அவன ஏன்டி திட்டுற?" என்று அம்மா என் மேல் பாய்ந்தார். "அந்தப் புள்ளைங்க முதுகுதானே தெரியுது? அப்ப அவன்தானே கடைசியா வர்றான். பேய் மொதல்ல அவனத்தான் புடிக்கும், பாவம்."

சொல்லி வாய் மூடவில்லை, படம் சரிந்து புல்லில் விழுந்தது. புல் மட்டும் தெரிந்தது. அண்ணி வீறிட்டார். நான் கையிலிருந்த கடலையைத் தட்டில் போட்டேன்.

போனை எடுத்துக்கொண்டு குசினிக்குள் அடுப்புப் பக்கம் போனேன். நான் பாதியில் வீசிய வீடியோவை முழுக்கப் பார்த்தேன். என் இளிப்பு, யானைத் தலை, "ஓடுங்க" என்ற சத்தம். படம் ஓர் இடத்திலேயே நின்று நடுங்குகிறது. அண்ணி வந்து தாண்டிப் போகிறார். நான் வந்து தாண்டிப் போகிறேன். அதற்குப் பிறகுதான் படம் அசைகிறது. கடை வாசல் வரைக்கும் என் முதுகு, என் முதுகு, என் முதுகு மட்டும்தான். குரூப்பில் அத்தனை பேர் பார்த்தார்கள், என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். கெமரா பிடித்த ஆள் எங்கே நின்றார் என்று ஒரு சனியனாவது கேட்கவில்லை, நான் உட்பட. அவருக்குக் கோல் எடுத்தேன்.

"நீங்க முன்னாலதானே நின்னீங்க?"

"ம்."

"அப்படியே திரும்பி ஓடியிருக்கலாமே?"

"ஓடியிருக்கலாம்."

"பின்ன ஏன் ஓடல? அந்தப் போனையாச்சும் கீழ போட்டீங்களா?"

"போன் கையில இருந்ததே தெரியலைங்க" என்றார். பிறகு, "நான் முன்னால ஓடிப் போயிட்டா, அப்புறம் யாரக் கட்டிக்கிறது?" என்றார்.