அம்மாவின் நீலம்

களுதாவளையில் எங்கள் வீடு இருந்த வளவில், மழையில் நனைந்து கிடந்த சுவர்த்துண்டு ஒன்றை இன்று கையிலெடுத்தபோது, பழைய குசினியின் ஈரச் சுண்ணாம்பு வாசம் வந்தது. அடுப்புக்கு எதிரே இருந்த சுவரில், சோறு கொதிக்கிற நேரங்களில், துணிக்குப் போடும் நீலத்தைக் கரைத்து, தென்னந்தும்பால் அம்மா ஆற்றை வரைவார். தோணிகளுக்கு அடுப்புக்கரி, பொழுது சாய்வதற்கு மஞ்சள். ஒவ்வொரு தைப்பொங்கலுக்கு முன்னும் அவரே அதன்மேல் வெள்ளையடிப்பார், பொங்கல் முடிந்ததும் திரும்ப நீலம் கரைப்பார்.

"அழிக்காதீங்கம்மா" என்று ஒருமுறை அழுதேன்.

"அழிக்கல்ல மகள், உள்ளுக்கதான் இரிக்கி" என்றார் அம்மா.

உள்ளேதான் இருந்தது. துண்டின் உடைந்த விளிம்பில் வெள்ளையும் நீலமும் மாறிமாறி மெல்லிய வரிகளாகத் தெரிந்தன. ஓரிடத்தில் மட்டும் நீலம் இரண்டு மடங்கு தடிப்பாக இருந்தது. அப்பா இறந்த வருடம் எங்கள் வீட்டில் பொங்கல் இல்லை, அதனால் வெள்ளையடிப்பும் இல்லை. பழைய ஆற்றின் மேலேயே அம்மா புது ஆற்றை வரைந்திருக்கிறார்.

அந்த வருடம் அவர் வரையவேயில்லை என்றுதான் இத்தனை காலமும் நான் நினைத்திருந்தேன்.