முக்கால் இஞ்சி உளி

பத்து வயதில், உளிகளைப் பற்றி எனக்குத் தெரிந்த அளவு தெஹியோவிட்டப் பக்கத்தில் வேறு எந்தப் பிள்ளைக்கும் தெரியாது என்று நான் உறுதியாக நம்பினேன். அப்பா ரப்பர் தோட்டத்தில் தச்சர். தச்சரைச் சிங்கள ஆட்கள் 'பாஸ்' என்பார்கள். அவர் வேலை செய்யும்போதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தே கால் இஞ்சி எது, அரை இஞ்சி எது என்று தூரத்திலிருந்து சொல்லுமளவுக்கு வந்துவிட்டேன்; அங்குலத்தை நாங்கள் இஞ்சி என்போம். ஆனால் ஒன்றையும் தொட விடமாட்டார். பலகையையாவது பிடித்துக்கொள்கிறேனே என்றால், "வெரல் போயிரும், தள்ளி உக்காரு" என்பார். அந்தக் கோபம் எனக்கு எப்போதும் உண்டு.

சண்டை நடந்துகொண்டிருந்த காலம். தோட்டத்துப் பிள்ளைமடுவத்தில், கைப்பிள்ளைகளைத் தாய்மார் விட்டுவிட்டு வேலைக்குப் போகும் அந்தக் கட்டடத்தில், ஜன்னல்கள் உளுத்துப்போய் விழுந்துகொண்டிருந்தன. புது ஜன்னல் செய்யும் பொறுப்பு அப்பாவுக்கு வந்தது. அவருடைய முக்கால் இஞ்சி உளி தீட்டித் தீட்டிக் கட்டை விரல் நீளத்துக்குக் குறைந்திருந்தது. புதிது வாங்க அவிசாவளைக்குப் போனபோது என்னையும் கூட்டிப்போனார்.

இரும்புக்கடை முதலாளி நம் ஆள்தான். அப்பா சட்டைப்பையிலிருந்து ஒரு மரத்துண்டை எடுத்தார். அதில் முக்கால் இஞ்சிக்குத் துல்லியமாக வெட்டிய ஒரு பள்ளம் இருந்தது. ஒவ்வொரு உளியின் வாயையும் அந்தப் பள்ளத்தில் வைத்துப் பார்ப்பார். ஒன்று இறுகும்; ஒன்று ஆடும். இரண்டையும் ஒதுக்கிவிட்டு அடுத்ததைக் கேட்பார். முதலாளிக்குப் பொறுமை போய்விட்டது.

"எல்லா உளியும் முக்கால்தான் அண்ணே. கம்பனிக்காரனே மேல அடிச்சிருக்கான்ல?"

"மேல அடிச்சிருக்கறது துளை போடாதுங்களே. வாய்தானே போடுது" என்றார் அப்பா.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. துளை எவ்வளவு அகலமோ உளியும் அவ்வளவு அகலம் இருந்தால், ஒரே ஓட்டத்தில் இரண்டு பக்கச் சுவரும் நேராக வந்துவிடும். அகலம் கூடினால், சட்டத்தின் முனையில் செருகுவதற்காக வெட்டிய நாக்கு துளைக்குள் ஆடும். குறைந்தால் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு முறை போட வேண்டும், சுவர் கோணும். இதெல்லாம் தெரியாதவர் உளி விற்கிறாரே என்று முதலாளியை அலட்சியமாகப் பார்த்தேன். கடைசியில் ஓர் உளி பள்ளத்தில் சத்தமில்லாமல் போய் உட்கார்ந்தது. அப்பா அதை வேலைப் பைக்குள் மற்ற உளிகளோடு வைத்தார்.

திரும்பும் வழியில் சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள். அடையாள அட்டைகளைப் பார்த்துச் சிலரை ஏறச் சொன்னார்கள். எங்களோடு வந்த ஓர் இளைஞரைத் தனியாக நிறுத்திவைத்தார்கள். அட்டை வீட்டில் இருக்கிறது என்று அவர் தமிழில் சொல்லிக்கொண்டே இருந்தார். கேட்டவருக்குத் தமிழ் தெரியவில்லை. இவருக்குச் சிங்களம் வரவில்லை.

அப்பாவின் அட்டை சரியாக இருந்தது. பையைக் கவிழ்த்ததும் உளிகள் தரையில் விழுந்தன.

"ஒரு ஆளுக்கு எதுக்கு இத்தனை? எல்லாம் ஒரே சாமான்தானே?" என்று சிங்களத்தில் கேட்டார் சாவடிப் பொறுப்பாளர். மீசை சரியாக அரும்பாத ஆள்.

"ஒவ்வொரு துளைக்கும் ஒவ்வொண்ணு வேணும் மாத்தயா. நான் தோட்டத்துப் பாஸ்" என்றார் அப்பா, கையைக் கட்டிக்கொண்டு. அவர் கையைக் கட்டியதும், ஐயா என்பதுபோல் 'மாத்தயா' என்றதும் எனக்குப் பிடிக்கவில்லை. உளியின் அகலத்துக்குக் கூடவா ஒரு மனிதர் நியாயம் சொல்ல வேண்டும்?

சாவடிக்குள் உட்காரும் பலகை வாங்கு ஒன்று கால் உடைந்து சாய்ந்து கிடந்தது. பொறுப்பாளர் அதைக் காட்டினார். "பாஸ்னா இதச் செஞ்சு காட்டு. அந்தப் பயல் லொறி வந்ததும் டவுனுக்குப் போகட்டும். அங்க விசாரிச்சுக்குவாங்க."

அப்பா வாங்கைப் பார்த்தார். இளைஞரைப் பார்த்தார். பிறகு மிகச் சாதாரணமாக, "அவன் என் கோலயா மாத்தயா. பலகை பிடிக்க அவன் இல்லாம முடியாது" என்றார்.

கோலயா என்றால் தொழில் பழகும் கையாள். பஸ்ஸில் அப்பா அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லையே! வருஷக்கணக்காகக் கெஞ்சுகிற என்னை விட்டுவிட்டு, ரோட்டில் பார்த்த ஒருவரைக் கையாளாகச் சேர்த்துக்கொள்கிறாரே! பொறுப்பாளர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "சரி, முதல்ல வேலை முடியட்டும்" என்றார். பஸ் எங்களை விட்டுவிட்டுப் போய்விட்டது.

உடைந்த துளைக்குப் பக்கத்தில் புதிய துளை போட்டு, காலில் நாக்கு வெட்டிச் செருக வேண்டும். அவ்வளவுதான் வேலை. அப்பா முக்கால் இஞ்சிக்குக் கோடு கிழித்தார். பிறகு எடுத்தது கால் இஞ்சி உளியை. கோட்டுக்குள் கோழி கொத்துவதுபோல் கொத்தத் தொடங்கினார். நடுவில் நிறுத்தினார்; தீட்டினார்; ஊதினார்; குனிந்து பார்த்தார்; மறுபடியும் கொத்தினார். இளைஞர் பலகையைப் பிடித்திருந்தார். பிடிக்கவும் தெரியவில்லை. காவல்காரர்கள் சிரித்தார்கள். என் அப்பாவைப் பார்த்து!

என்னால் பொறுக்க முடியவில்லை. எல்லோருக்கும் கேட்கட்டும் என்று சிங்களத்திலேயே சொன்னேன்: "அப்பா, முக்கால் இஞ்சி உளிதான் இருக்கே! அதுல போட்டா இப்பவே முடிஞ்சிரும்."

பொறுப்பாளர் திரும்பினார். "என்ன பாஸ், மகளுக்குத் தெரிஞ்சது உனக்குத் தெரியலையா?"

"காய்ஞ்ச பலகை மாத்தயா. பெரிய உளி போட்டா வெடிச்சிரும். சின்னப் புள்ளைக்கு என்ன தெரியும்?" என்று அப்பா சிரித்தார். பிறகு என் பக்கம் குனிந்து தமிழில், பல்லைக் கடித்துக்கொண்டு, "இன்னொரு பேச்சு வந்துச்சு, இங்கயே விட்டுட்டுப் போயிருவேன்" என்றார்.

அது பலாப் பலகை. வெடிக்காது. அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சரியாகச் சொன்ன எனக்குத் திட்டு. பொய் சொன்னவருக்குச் சிரிப்பு. அவர் முகத்தைப் பார்க்கக் கூடாது என்று மணல் மூட்டைகள் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன்.

லொறி வந்தது. அதன் பின்பக்கத்தில் ஏற்கெனவே சிலர் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். கதவைத் தட்டி, "யாராவது இருக்கா?" என்று கேட்டார்கள்.

அப்பா உளியிலிருந்து கையை எடுக்கவில்லை. "பாதித் துளையில நிக்குது மாத்தயா. இவனக் கூட்டிட்டுப் போனா வாங்கு இப்படியேதான் கிடக்கும்" என்றார். பொறுப்பாளர் வாங்கைப் பார்த்தார். காலையிலிருந்து நின்றே களைத்த ஆள். லொறிக்காரர்களுக்குக் கையை ஆட்டி, "போங்க, போங்க" என்றார்.

லொறியின் சத்தம் தேய்ந்ததும் அப்பா புதிய முக்கால் இஞ்சி உளியைக் கையில் எடுத்தார். கொட்டாப்புளி ஓங்கி இறங்கியது. சிராய்கள் சுருள் சுருளாக வெளியே வந்தன. கண் மூடித் திறப்பதற்குள் துளை தயார். காலும் உள்ளே போய் இறுகிவிட்டது. இதைத்தானே நான் அப்போதே சொன்னேன்!

பொறுப்பாளர் வாங்கில் உட்கார்ந்து ஆட்டிப் பார்த்தார். ஆடவில்லை. இளைஞரைப் பார்த்து, "இவன ராத்திரி இங்க வச்சு யாரு சோறு போடுறது? கூட்டிட்டுப் போ" என்றார். முக்கால் இஞ்சி உளியை மட்டும் எடுத்துத் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டார். அதை பிஸ்கட் டின்னின் மூடிக்குள் விட்டு நெம்பினார். கடைக்காரரோடு மல்லுக்கட்டித் தேர்ந்தெடுத்த உளி! அப்பா தலையை ஆட்டிவிட்டு நடந்தார்.

அடுத்த பஸ்ஸில் இளைஞர் வேலைப் பையை மடியில் வைத்துக்கொண்டு அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். வீடுகளே இல்லாத ஒரு வளைவில் எழுந்தார். பையை இருக்கையில் வைத்தார். இறங்கினார். அப்பா ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, பஸ் முழுக்கக் கேட்கும்படி சிங்களத்தில் கத்தினார்: "நாளைக்கு நேரத்தோட வேலைக்கு வந்துரு!"

மறுநாள் காலை நான் பள்ளிக்கூடம் கிளம்பாமல் எங்கள் லயத்து வீட்டு வாசலில் நின்றேன். வந்ததும் பலகை எப்படிப் பிடிப்பது என்று அவருக்கு முதலில் காட்டித்தர வேண்டும் என்று வைத்திருந்தேன். ரப்பர் பால் வெட்டப் போனவர்கள் திரும்பும் நேரம் வரைக்கும் ஆளைக் காணோம். சேர்ந்த முதல் நாளே வேலைக்கு வராத ஒருவருக்காகவா அப்பா என்னை அப்படித் திட்டினார் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.